தனிப் பூசை வைத்தால் போதுமா?

கேள்வி: கருங்கல் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தவள் நான். மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன், பங்குப் பேரவையிலும் இருக்கிறேன். கட்டட வேலைக்கும் ஹாலோ பிளாக் கம்பெனிக்கும் வந்த ஒடிசா, ஜார்க்கண்ட் குடும்பங்கள் சில எங்கள் ஊரில் வாடகைக்கு இருக்கின்றன. ஞாயிறு முதல் பூசைக்கு வந்து வராந்தாவில் நிற்பார்கள், முடிந்ததும் போய்விடுவார்கள். அதில் ஒரு தாய் தன் எட்டு வயது மகளைப் புதுநன்மை (முதல் முறை நற்கருணை வாங்குவது) வகுப்பில் சேர்க்க முடியுமா என்று கேட்டாள். சரி என்றேன். அதற்கே சிலர் முகம் சுளித்தார்கள். இப்போது பேரவையில், “அவர்களுக்கு மாதம் ஒருமுறை மதியம் மூன்று மணிக்குப் பங்குக் கூடத்தில் இந்திப் பூசை வைத்துவிடலாம், பிள்ளைகளுக்கும் அங்கேயே வகுப்பு நடத்தலாம்” என்று பேச்சு வந்திருக்கிறது. புரியாத மொழியில் நிற்பதைவிட இது நல்லதுதானே என்று தோன்றுகிறது. ஆனால் மனசு உறுத்துகிறது. நான் என்ன சொல்லட்டும்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் உறுத்தல் நியாயமானது. ஆனால் இந்திப் பூசை என்ற யோசனையில் தவறு இல்லை. தெரிந்த மொழியில் செபிக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? நம் குமரி மாவட்டத்தில் லத்தீன் முறைக் கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில் மலங்கரைக் கோவிலோ சீரோ மலபார் கோவிலோ இருக்கிறது; எல்லாரும் கத்தோலிக்கர்தான், வழிபாட்டு முறைதான் வேறு. 1996-ல் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் அவர்களுக்கென்று மறைமாவட்டங்களே வந்தன. மொழியை வைத்துத் தனிப் பங்கு அமைக்கக்கூட திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் வேலைக்குப் போயிருக்கும் வளைகுடா நாடுகளில் தமிழ்ப் பூசை, மலையாளப் பூசை, கொங்கணிப் பூசை, பிலிப்பைன்ஸ்காரர்களின் தகாலோக் பூசை என்று ஒரே கோவிலில் மாறி மாறி நடக்கின்றன. துபாய் புனித மரியா கோவிலுக்குப் போய் வந்தவர் உங்கள் அன்பியத்திலேயே, அதாவது அக்கம்பக்கக் குடும்பங்கள் சேரும் செபக் குழுவிலேயே, யாராவது இருப்பார், கேட்டுப் பாருங்கள். அங்கே நம்மவர்களுக்குத் தமிழ்ப் பூசை கிடைப்பது கோவிலுக்குள்தான், பீடத்துக்கு முன்னால்தான்.

உங்கள் பேரவை பேசுவதில் தவறு எங்கே என்றால், கோவில் காலியாக இருக்கும்போதே கூடம் என்கிறார்கள், யாரும் வர விரும்பாத மதியம் மூன்று மணி என்கிறார்கள், பிள்ளைகளையும் தனியாக உட்காரவைப்போம் என்கிறார்கள். அந்தக் குடும்பங்களிடம் ஒரு வார்த்தை கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. தாங்களே விரும்பித் தனியாகக் கூடுவது ஒன்று. நம் வசதிக்காக அவர்களைத் தனியே அனுப்புவது முற்றிலும் வேறு.

இன்னொன்றைப் பேரவையில் தெளிவாகச் சொல்லுங்கள். அவர்கள் விருந்தாளிகள் இல்லை. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 102, 107 ஆகிய எண்களைப் பங்குத்தந்தை எடுத்துப் பார்க்கட்டும். ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதம் தங்கியவருக்கு, அல்லது மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்தோடு வந்தவருக்கு, அந்தப் பங்கின் தந்தையே சொந்தப் பங்குத்தந்தை. பங்குக்கு வரி கட்டியிருக்க வேண்டும், சொந்த வீடு இருக்க வேண்டும், மொழி தெரிந்திருக்க வேண்டும் என்றெல்லாம் அங்கே இல்லை. வருடக்கணக்கில் வாடகை கொடுத்துக் குடியிருப்பவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நாம் விவாதிக்கவே இடமில்லை. அவர்கள் ஏற்கெனவே பங்கு மக்கள். நம் பதிவேட்டில்தான் அவர்கள் பெயர் இல்லை.

நம் ஊரின் பழைய கதையையும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் முகம் சுளிக்கும் பழக்கம் ஒடிசாக்காரர்கள் வந்து தொடங்கியது இல்லை. நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார். அது அன்றைய திருவிதாங்கூர் அரண்மனை வட்டாரத்துக்குப் பொறுக்கவில்லை. 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது சாதிப் பெயரைச் சேர்க்காமல் தேவசகாயம் என்றே அறிவித்தார்கள். நாமும் வெடி போட்டுக் கொண்டாடினோம். அதே வடக்கன்குளத்தில்தான், அவர் இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, 1872-ல் சாதிக்கு ஒரு பக்கமாகக் கோவில் கட்டினார்கள். கால்சட்டையின் இரண்டு கால் போல இரண்டு நீண்ட கூடங்கள். இரண்டும் பீடத்தில்தான் சேரும். ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடாரும் பிறரும், நடுவில் சுவர். சாமியார் ஒருவர், பூசை ஒன்று, இந்தப் பக்கம் இருப்பவர் முகம் அந்தப் பக்கம் தெரியாது. 1910-ல் கௌசானல் அடிகள் அந்தச் சுவரை இடித்தார். மறுபடி தடுப்பு வேண்டும் என்று வழக்குப் போட்டு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், கிடைக்கவில்லை.

அந்தக் கோவிலைக் கட்டியவர்களும் யாரையும் விரட்டவில்லை. எல்லாருக்கும் பூசை கிடைக்கிறதே, சண்டையில்லாமல் போகட்டுமே என்றுதான் நினைத்திருப்பார்கள். உங்கள் பேரவையில் பேசுகிறவர்களின் மனசும் அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன். நல்ல எண்ணத்தோடு எழுப்பினாலும் சுவர் சுவர்தான். நமக்குள்ளேயே கடற்கரைப் பங்கு, உள்நாட்டுப் பங்கு என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. எந்தக் கோவில் என்று கேட்டே ஆளின் சாதியைக் கணக்குப் போடுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. அதனால் புதிதாக வந்தவர்கள் விஷயத்தில் நாம் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

சரி, எல்லாரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. ஞாயிறு காலை பதினொரு மணிதான் அமெரிக்காவில் மிகவும் பிரிந்து கிடக்கும் நேரம் என்று மார்ட்டின் லூதர் கிங் வேதனையோடு சொன்னார். கறுப்பர் ஒரு கோவிலிலும் வெள்ளையர் ஒரு கோவிலிலும் அதே கடவுளைக் கும்பிட்ட காலம் அது. அங்கே எந்த ஓர் இனமும் எண்பது சதவீதத்தைத் தாண்டாத சபையை ஆய்வாளர்கள் பல்லினச் சபை என்று கணக்கிடுகிறார்கள். 1998-ல் அப்படிப்பட்டவை 6 சதவீதம், 2019-ல் 16. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் கறுப்பர்கள்தான் வெள்ளையர் சபைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள், பாட்டும் முறையும் முடிவெடுக்கும் நாற்காலியும் பல இடங்களில் மாறவில்லை என்று அதே ஆய்வாளர்கள் குறை சொல்கிறார்கள். உங்கள் வராந்தாவில் நிற்பவர்களை உள்ளே அழைத்து உட்காரவைப்பது அவசியம், ஆனால் அது தொடக்கம் மட்டும்தான்.

திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைப் பேரவையில் வாசிக்கச் சொல்லுங்கள். கிரேக்க மொழி பேசுகிறவர்களின் கைம்பெண்களுக்கு அன்றாடப் பந்தியில் சரியான கவனிப்பு இல்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. மொழியை வைத்து வந்த முதல் சபைச் சண்டை அது. திருத்தூதர்கள் அவர்களுக்குத் தனிப் பந்தி போடவில்லை. சபையே ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர், தீமோன் என்று அந்த ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள். முணுமுணுத்த பக்கத்துக்காரர்கள் கையிலேயே எல்லாருடைய பந்தியையும் ஒப்படைத்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை.

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். முதலில் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். கோவில் வாசலில் வைத்துக் கேட்காதீர்கள். வீட்டுக்காரரும் காண்ட்ராக்டரும் உங்கள் பங்கிலேயே இருப்பார்கள், அவர்கள் காதுபட யாரும் மனசிலிருப்பதைச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் வீட்டுக்கே போங்கள், கூட இன்னொரு பெண்ணையும் அழைத்துக்கொள்ளுங்கள். இந்தி வேண்டுமா என்று கேட்பதற்கு முன், என்ன மொழியில் செபம் சொல்வீர்கள் என்று கேளுங்கள். ஜார்க்கண்டிலும் ஒடிசாவின் சுந்தர்கரிலும் இருந்து வருகிறவர்களுக்கு வீட்டு மொழி குடுக், முண்டாரி, கரியா, சாத்ரி என்று எதுவாகவும் இருக்கலாம். ஒடியா மட்டும் தெரிந்தவரும் இருப்பார். அவர்களில் பலருக்கு இந்தி வீட்டு மொழி இல்லை. கந்தமால் பகுதியிலிருந்து யாராவது வந்திருந்தால் பொறுமையாகக் கேளுங்கள். 2008-ல் அங்கே கிறிஸ்தவர்களின் வீடுகளையும் கோவில்களையும் கொளுத்தினார்கள், ஆயிரக்கணக்கானோர் காட்டுக்கும் முகாமுக்கும் ஓடினார்கள். விசுவாசத்துக்காக அவ்வளவு இழந்தவர் உங்கள் வராந்தாவில் நின்றுகொண்டிருக்கலாம்.

பூசை வைக்க ஆள் இல்லை என்று யாராவது சொல்வார்கள். குமரி மாவட்டத்தில் பிறந்து வட இந்திய மறைமாவட்டங்களில் வேலை செய்யும் குருக்களும் கன்னியர்களும் எத்தனை பேர்! விடுமுறைக்கு வருகிறவரைக் கேளுங்கள், ஓய்வில் இருக்கும் சிஸ்டரைக் கேளுங்கள். அவர்களுக்குச் சோறு போட்டு மொழி கற்றுக்கொடுத்த ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள்தான் இவர்கள்.

அவர்கள் தங்களுக்குப் புரிகிற மொழியில் பூசை வேண்டும் என்றால் வையுங்கள். ஆனால் கோவிலுக்குள், அவர்களுக்கு ஒத்துவரும் நேரத்தில். அப்புறம் உங்கள் பங்குத் திருவிழா. கொடியேற்று முதல் தேர் வரை பத்து நாளும் ஒவ்வொரு அன்பியமும் பக்தசபையும் ஒரு நாளைச் சிறப்பிக்கின்றன அல்லவா? அதில் ஒரு நாளை இவர்களுக்குக் கொடுங்கள். வாசகம் அவர்கள் மொழியில், பாட்டு அவர்கள் மாந்தர் மேளத்தோடு. மாந்தர் என்பது அவர்கள் ஊர் மத்தளம், கோவிலிலும் அடிப்பார்கள். காணிக்கைப் பவனியில் அவர்கள் முன்னால் வரட்டும், நாம் பின்னால் போவோம். நோட்டீஸில் ‘சிறப்பிப்போர்’ என்ற இடத்தில் அவர்கள் பெயரை அச்சிடுங்கள். வெளியூர்ச் சகோதரர்கள் என்று மொத்தமாகப் போடாதீர்கள், ஆளுக்கு ஒரு பெயர் இருக்கிறது.

வரி கட்டாதவர்களுக்கு எதற்கு இவ்வளவு என்ற கேள்வி கட்டாயம் வரும். வரி வாங்குங்கள் என்பதுதான் என் பதில். குடும்ப அட்டை கொடுத்து, அவர்களால் முடிந்த தொகையைக் கேட்டு வாங்கி, ரசீது கொடுங்கள். கேட்காமல் விடுவது சலுகை போலத் தெரியும், உண்மையில் அது ஆளைக் கணக்கில் எடுக்காமல் விடுவது. அட்டை வந்தால் பேரவையில் ஒரு பிரதிநிதியும் வர வேண்டும். பேசத் தமிழ் போதவில்லை என்றால் பள்ளிக்கூடம் போகும் அவர்கள் பிள்ளைகளில் மூத்தது ஒன்று மொழிபெயர்க்கும். இரண்டு வருடத்தில் போய்விடுவார்கள் என்று சொல்கிறவரிடம், நம் வீட்டு ஆண்கள் மஸ்கட்டுக்கும் குவைத்துக்கும் எத்தனை வருடத்துக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள்.

கல்லறைத் தோட்டத்தைப் பற்றியும் இப்போதே பேசிவிடுங்கள், ஒரு விபத்து நடக்கும்வரை காத்திருக்க வேண்டாம். சாரத்திலிருந்து விழுந்தோ மின்சாரம் தாக்கியோ ஒருவர் இறந்தால், உடலை ஒடிசாவுக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் செலவை உடன் வேலை செய்கிறவர்கள்தான் பிரித்துப் போடுவார்கள். முடியாத நாளில் என்ன செய்வார்கள்? பங்குக்குச் சொந்தக் கல்லறை இருந்தால், வேறு இடம் தேர்ந்தெடுக்காத பங்கு மக்களை அங்கேதான் அடக்க வேண்டும் என்று சட்டத் தொகுப்பின் 1180-ஆம் எண் சொல்கிறது. நம் பக்கத்தில் இடம் எவ்வளவு நெருக்கடி, குடும்பக் கல்லறைகளுக்கு எவ்வளவு போட்டி என்று எனக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், இவர்களுக்கும் இடம் உண்டு என்று பேரவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். ஒரு பங்கு யாரைத் தன் ஆளாக நினைக்கிறது என்பது எனக்கு அங்கேதான் தெரியும்.

அந்தச் சிறுமி விஷயத்துக்கு யார் ஒப்புதலும் தேவையில்லை. இந்த ஞாயிறே பெயரை எழுதுங்கள், மற்ற பிள்ளைகளோடு நடுவில் உட்காரவையுங்கள். ஞானஸ்நானச் சான்றிதழ் கையில் இல்லை என்றால் பயப்பட வேண்டாம். எந்தக் கோவிலில் ஞானஸ்நானம், எந்த வருடம் என்று தாயிடம் கேட்டு, பங்குத்தந்தையிடம் சொல்லி அந்தப் பங்குக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். பதிவேட்டைப் பார்த்து நகல் அனுப்புவார்கள், இப்போதெல்லாம் வாட்ஸாப்பிலேயே படம் வந்துவிடுகிறது. செபங்களைத் தமிழில் ஒப்பித்தால்தான் புதுநன்மை என்று யாராவது அடம்பிடித்தால் விடாதீர்கள். சவேரியார் நம் கடற்கரைக்கு வந்தபோது தமிழ் அறிந்தவர்களைக் கூட்டிவைத்துச் செபங்களைத் தமிழில் எழுதவைத்து, தானே மனப்பாடம் செய்து, நம் முன்னோர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்லிக்கொடுத்தார். மறைக்கல்வி ஆசிரியை நீங்கள். அந்தத் தாயிடம் பரலோக மந்திரத்தை அவள் மொழியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அதை ஒருமுறை சொல்லட்டும்.

பேரவை என்ன முடிவெடுத்தது என்று எனக்கு எழுதுங்கள். எதிர்ப்பு வந்தால் யார் என்ன சொன்னார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள், அடுத்து என்ன செய்வது என்று சேர்ந்து யோசிப்போம்.