ஈயின் கண்ணுக்கு நேர் எதிரே: மேக்ரோ (மிக நெருக்கத்தில் எடுக்கும் படம்) கேள்வி பதில்

கேள்வி: ஈயைப் போய் யாராவது படம் எடுப்பார்களா?

ஈ என்றதும் சோற்றுத் தட்டில் உட்காரும் ஒன்றுதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் பெயர் வைக்கப்பட்ட ஈ இனங்கள் மட்டுமே ஒன்றரை லட்சத்துக்கு மேல். கொசுவும் அந்த வகைதான். கொக்கோ பூவில் மகரந்தம் சேர்ப்பவையும் பெரும்பாலும் குண்டூசித் தலையளவு குட்டி ஈக்களே. இலைமேல் பச்சையும் செம்புமாக மின்னும் நீண்டகால் ஈயை லென்ஸில் ஒருமுறை பாருங்கள், இந்தக் கேள்வியே வராது.

கேள்வி: கிட்டே போனாலே பறந்துவிடுகிறது.

விடிந்ததும் போங்கள். உடம்பு சூடேறும்வரை அதற்குச் சுறுசுறுப்பு வராது. உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது. பறந்தாலும் துரத்தாதீர்கள், பல ஈக்கள் அதே இலைக்குத் திரும்பி வரும்.

கேள்வி: ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவைத்து எடுக்கலாமா?

வேண்டாம். ஒரு படத்துக்காக ஓர் உயிரை வதைக்க எனக்கு மனம் வராது.

கேள்வி: கண் ஷார்ப்பாக இருந்தால் இறக்கை மங்குகிறது. என்ன தவறு?

தவறே இல்லை. ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது), பூச்சியின் உண்மையான அளவிலேயே படம் சென்சாரில், அதாவது படம் பதியும் சில்லில், விழும்போது, லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 11 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டாது. சரி, துளையை இன்னும் சுருக்கி எஃப் 22 வைக்கலாமே என்றால் ஒளி சிதறி மொத்தப் படமும் மென்மையாகிவிடும். அதனால் ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தபடி வரிசையாகச் சுடுங்கள். ஈ அசையாதிருந்தால் அவற்றின் தெளிவான பகுதிகளை ஸ்டேக்கிங் முறையில் ஒரே படமாகச் சேர்க்கலாம். ஒரே படம்தான் கிடைக்கும் என்றால் கண்ணை விட்டுவிடாதீர்கள். ஃப்ளாஷுக்கு முன்னால், ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் நல்ல டிஃப்யூசர் அவசியம். இல்லாவிட்டால் கண்ணில் வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்சும்.

கேள்வி: பூவில் அந்தரத்தில் நிற்பது தேனீயா, ஈயா?

இறக்கையை எண்ணுங்கள். தேனீக்கு நான்கு, ஈக்கு இரண்டு. ஈயின் பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குமிழ் முனையோடு ஒரு குட்டித் தண்டு இருக்கும். பறக்கும்போது உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று உணர்த்துவது அதுதான்.

கேள்வி: குதிரை ஈ செத்த பிறகு அதன் கண்ணில் வண்ணப் பட்டைகளைக் காணோமே?

அது சாயமில்லை. கண்ணின் மேலுள்ள மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது உண்டாகும் நிறம். அடுக்குகள் காய்ந்தால் நிறமும் போய்விடும். உயிரோடு இருக்கும்போதே எடுங்கள்.

கேள்வி: ஈயின் வாயில் ஒரு நீர்க்குமிழ் தெரிந்தது. நோயா?

இல்லை. வயிற்றிலுள்ள திரவத்தைத் துளியாக வெளியே தள்ளி, கொஞ்சம் ஆவியானதும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். துளி குளிர்வதால் உடம்பும் குளிரும். அடுத்த முறை அந்தத் துளிக்குள் ஃபோகஸ் வையுங்கள். பின்னாலிருக்கும் பூ அதற்குள் தலைகீழாகத் தெரியும்.