விசை, வேலை, மறுதாக்கம்: ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) புள்ளைங்க கேட்டதுக்கு பதில்

ஹட்டன்ல இருந்து: சேர், அம்மா 15 கிலோ தேயிலைக் கொழுந்த சுமந்துகிட்டு தராசுக்கு முன்னால வரிசையில நிக்கிறாங்க, புத்தகப்படி பாத்தா செஞ்ச வேலை பூச்சியமாம். இது நியாயமா?

பதில்: நியாயம் இல்லதான் தங்கச்சி, ஆனா கணக்கு சரி. விசைய அந்த விசையோட திசையில நகந்த தூரத்தால பெருக்குனாதான் வேலை, கூடை நகரல, அதனால கூடைமேல வேலையும் இல்ல. அம்மாவுக்கு ஏன் வேர்க்குதுன்னா சும்மா நிக்கிறப்பவும் தசைநாருங்க சுருங்கி விரிஞ்சுகிட்டே இருக்கும், சாப்பாட்டுல வந்த சக்தி அதுல செலவாகி வெப்பமா போயிரும். அதே கூடையோட 20 மீற்றர் உயரம் ஏறினா 15×10×20 (நடுவுல உள்ள 10 ஈர்ப்பு ஆர்முடுகல்), கூடைக்கு மட்டும் 3000 யூல் (வேலைய அளக்குற அலகு), அம்மா 50 கிலோன்னா அவங்க உடம்ப தூக்க இன்னும் 10,000. (சம்பளத்த யூல் கணக்குல கேட்டா தோட்டத்துல என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க.)

பண்டாரவளையில இருந்து: தாக்கமும் மறுதாக்கமும் சமன், எதிர். அப்ப ரெண்டும் வெட்டுப்பட்டு எதுவுமே நகரக்கூடாதே?

பதில்: ரெண்டும் ஒரே பொருள்மேல இல்லையே தம்பி. சேத்துல மாட்டுன த்ரீவீலர நீங்க தள்ளுறீங்க, அது உங்கள தள்ளுது. வண்டி நகருமான்னு பாக்க வண்டிமேல உள்ள விசைய மட்டும் கூட்டுங்க. உங்களுக்குன்னா கால் தரைய பின்னுக்கு தள்ள, தரை உங்கள முன்னுக்கு தள்ளுதே, அதையும் சேக்கணும், மழையில செருப்பு வழுக்குனா அது கிடைக்காது, வண்டி அங்கேயே நிக்க நீங்கதான் பின்னால போவீங்க.

பதுளையில இருந்து: மேசைமேல புத்தகம், அதோட நிறைக்கு மறுதாக்கம்தானே செவ்வன் மறுதாக்கம் (மேசை புத்தகத்த மேல தள்ளுற விசை)?

பதில்: இல்ல. பூமி புத்தகத்த இழுக்குது, அதுக்கு சோடி புத்தகம் பூமிய இழுக்குறது. மேசைய சாய்ச்சு பாருங்க, செவ்வன் மறுதாக்கம் குறையும், நிறை குறையாது.

அதே ஆள் திரும்பவும்: தெமோதரையில கோச்சி (ரயில்) சுத்தி வந்து ஸ்டேஷனுக்கு கீழ உள்ள சுரங்கத்துக்குள்ள போகுதே, நேரா விட்டிருந்தா வேலை மிச்சம் இல்லையா?

பதில்: நல்ல கேள்வி. உயரம் ஒன்னுன்னா ஈர்ப்புக்கு எதிரான வேலையும் ஒன்னுதான், சுத்துறதுல உராய்வுக்கு கொஞ்சம் கூடவே போகும். மிச்சம் ஆகுறது விசை. 44 மீற்றர் ஓடி 1 மீற்றர் ஏறுனா, 1000 கிலோவுக்கு 10,000/44, கிட்டத்தட்ட 227 நியூற்றன் போதும். 10க்கு 1ன்னு செங்குத்தா விட்டா 1000 நியூற்றன் வேணும், இரும்பு சில்லு இரும்பு தண்டவாளத்துல, அதுவும் மழை நாள்ல, நின்ன இடத்துலயே வழுக்கி சுத்தும்.