லேசர் பிரின்டர் டிரம்மில் வெளிச்சம் படக்கூடாது என்கிறார்களே, ஏன்?

டிரம் என்பது கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் உருளை. அதன் மேல் பூச்சு கரிம மூலக்கூறுகளால் ஆனது. இருட்டில் மின்சாரத்தைக் கடத்தாது, வெளிச்சம் பட்டால் கடத்தும். கோவையில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தபோது என் புராஜெக்ட் இதுதான்.

நான் எடுத்துக்கொண்டது காப்பர் தாலோசயனின். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். திருப்பூரில் பனியன் துணிக்கு ஏற்றும் டர்க்காய்ஸ் சாயம் இதன் பங்காளிதான். சாயப்பட்டறையிலேயே காலம் தள்ளிய அப்பா, "இதுக்குத்தானா கண்ணு கோயமுத்தூருக்கு அனுப்புனேன்? இங்கயே மூட்டை மூட்டையாக் கெடக்குதே" என்றார்.

வெற்றிடத்தில் சூடாக்கி ஆவியாக்கி, கண்ணாடித் தகட்டில் 200 நானோமீட்டர் தடிமனுக்குப் படிய வைத்தோம். ஹாலஜன் விளக்கைப் போட்டதும் மின்னோட்ட மீட்டர் மெதுவாக ஏறிக்கொண்டே போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டிப் பார்த்த பேராசிரியர் கேட்டார்: "ஏனுங் தம்பி, இது வெளிச்சமுங்களா, சூடுங்களா?"

சூடுதான். படலம் சூடானாலும் மின்னோட்டம் கூடும். விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவே தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்து வெப்பக் கதிரை மறித்த பிறகு, விளக்கைப் போட்டதும் துள்ளி, அணைத்ததும் விழும் ஒரு சின்ன ஏற்றம்தான் மிஞ்சியது. அதுதான் அசல்.

ஏன் அவ்வளவு சின்னது? சிலிக்கானில் ஒளி பட்டதும் எலக்ட்ரான் விடுபட்டு ஓடிவிடும். கரிமப் பொருளில் எலக்ட்ரானும் அது விட்டுவந்த துளையும் (நேர்மின்னூட்டம் போல நடந்துகொள்ளும் காலியிடம்) ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே திரியும். அறை வெப்பத்தால் அந்தப் பிடியை அவிழ்க்க முடியாது. சுமார் 10 நானோமீட்டர் அலைந்துவிட்டு ஜோடி அழிந்துவிடும். பக்கத்திலேயே எலக்ட்ரானை இழுக்கும் வேறொரு பொருளை வைத்தால் பிரிந்துவிடும். கோடாக்கில் வேலை பார்த்த சிங் டாங், தாலோசயனினோடு பெரிலீன் வகைப் பொருள் ஒன்றைச் சேர்த்து, ஏறக்குறைய 1 சதவீதத் திறனுள்ள சோலார் செல்லை 1986-ல் வெளியிட்டது இப்படித்தான்.

சரி, டிரம்முக்கு வருவோம். அங்கே ஜோடியைப் பிரிப்பது வலுவான மின்புலம். இருட்டில் மேற்பரப்பு முழுக்க எதிர்மின்னூட்டம் ஏற்றுவார்கள். லேசர் பட்ட இடத்தில், பெரும்பாலும் தாலோசயனின் கலந்த அடி அடுக்கில் துளைகள் உருவாகி, மேல் அடுக்கு வழியாக ஏறி, மின்னூட்டத்தைத் தீர்த்துவிடும். டோனர் எனும் மைத்தூள் அங்கேதான் ஒட்டும். வெயிலில் கிடந்த டிரம்மில் மின்னூட்டம் ஒழுங்காக நிற்காது, பிரிண்ட்டில் பட்டை பட்டையாக விழும்.

கார்ட்ரிட்ஜ் மாற்றும்போது ரெண்டு நிமிடம் டியூப்லைட் வெளிச்சம் பட்டால் பயப்பட வேண்டாம், இருட்டில் வைத்தால் தேறிவிடும். ஜன்னலோரம் மட்டும் வைத்துவிடாதீர்கள்.