வாலியின் வழக்கு: கம்பராமாயணக் கேள்வி பதில்

கேள்வி: இராமன் பரம்பொருள். அவன் செயலில் சரி, தவறு பார்க்க நமக்கு என்ன தகுதி ஐயா?

பதில்: அந்தத் தகுதியைக் கம்பனே தந்திருக்கிறான். வாலி வதைப் படலத்தில், மார்பில் அம்பு தைத்துக் கிடக்கும் வாலி கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறான். ‘நான் கடவுள், என்னைக் கேட்காதே’ என்று இராமன் ஓரிடத்திலாவது சொல்கிறானா? தம்பி மனைவியைக் கவர்ந்தாய் என்கிறான். எங்கள் குரங்குக் குலத்துக்கு மணநெறி இல்லை என்று வாலி மறுக்கிறான். நன்மை தீமை அறிந்த உனக்குப் பிறப்பு சாக்காகாது என்று இராமன் பதில் சொல்கிறான். வல்லமையே நியாயமானால் இத்தனை பாடல்கள் எதற்கு?

கேள்வி: ஏன் மறைந்து நின்று எய்தான்?

பதில்: வால்மீகியில் இராமனே இதற்கு விடை சொல்கிறான்: வேட்டையாடுவோர் மறைந்து நின்றும் விலங்கைக் கொல்வதுண்டு, நீயோ குரங்கு. கம்பன் அந்த வாதத்தை இராமனிடமிருந்து பிடுங்கி வாலியின் கையில் கொடுத்துவிட்டான். வேடரைப் போல் மறைந்து எய்தாயே என்பது கம்பனில் வாலி சாட்டும் குற்றம்! அதற்கு விடை சொல்வது இலக்குவன். உன் தம்பி முன்பே சரண் புகுந்தான், உன்னைக் கொல்வதாக அண்ணல் வாக்களித்தார், நேரில் வந்தால் நீயும் அடைக்கலம் கேட்பாய் என்று கருதி மறைந்து எய்தார் என்கிறான். நாற்பது ஆண்டுகளாகப் படிக்கிறேன், இந்த விடையில் என் மனம் ஆறவில்லை. சரணாகதியை உயிராக நினைப்பவன் நான். அதைக் கேட்கவே ஒருவனுக்கு இடம் தராதது எனக்கு இன்னும் வலிக்கிறது. அந்த இடத்தில் இராமனைப் பேசவிடாமல் கம்பன் தெரிந்தேதான் எழுதினான் என்று நம்புகிறேன்.

கேள்வி: எதிராளியின் பாதி பலம் வாலிக்குப் போய்விடும் என்பதால்தானே?

பதில்: வரத்தைக் கம்பன் முன்பே சொல்கிறான். ஆனால் வழக்கு நடக்கும்போது இலக்குவன் அதை எடுக்கவில்லை. அது போர் உத்தி, நியாயம் ஆகாது. கதாகாலட்சேபத்தில் கேட்டதை வைத்து வழக்காடாமல் படலத்தைப் படியுங்கள்.

கேள்வி: முதலில் கேட்டவன்தான். கடவுள் செய்வதெல்லாம் தருமமே என்பது என் நம்பிக்கை.

பதில்: அப்படியானால் இராமனை ‘நல்லவன்’ என்று போற்றுவதற்குப் பொருள் இல்லாமல் போகும். ‘வலியவன்’ என்று மட்டுமே போற்றலாம். மூவுலகை வென்ற இராவணனும் வலியவன்தான்.

கேள்வி: நக்கீரர் கதை?

பதில்: நெற்றிக்கண் அவரைச் சுட்டது. பாட்டின் குற்றத்தைத் தீர்க்கவில்லை.

கேள்வி: விவிலியத்தில், துன்பத்தில் கடவுளையே கேள்வி கேட்ட யோபு?

பதில்: என் துறை அல்ல. விவிலியம் கற்றவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: மறைந்து நின்றது ஏன்?

பதில்: மேலே இருக்கிறது. படலத்தைப் படியுங்கள்.

கேள்வி: மீண்டும் நானே. கடைசியில் வாலியே பணிந்தானே, பிறகென்ன வழக்கு?

பதில்: பணிந்தான். சாகப்போகிறவனுக்கு அம்பிடம் அச்சம் ஏது? அது அச்சத்தால் வந்த பணிவு அல்ல. பணிந்த பின் அவன் கேட்ட வரத்தைப் பாருங்கள்: கள் குடித்துப் புத்தி மாறி என் தம்பி தவறு செய்தாலும், என்மேல் ஏவிய அம்பை அவன்மேல் ஏவிவிடாதே. இறைவன் என்று அறிந்த பிறகும் அவன் கையைப் பிடித்துக் கேட்கிறான். இந்தப் பாடலை வகுப்பில் சொல்லும்போது எனக்குக் குரல் உடையும்.

கேள்வி: இவ்வளவு கேட்கும் நீங்கள் இராமனை வணங்குகிறீர்களா?

பதில்: தினமும். விளக்கேற்றியதும் வாலி பேசும் பாடல்களில் இரண்டையாவது அவன் முன் சொல்கிறேன்.