கூரை திறந்த காரும் ஏற்காட்டுத் தலைவலியும்

கேள்வி: எனக்கு வயது 58. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பத்து வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மெட்ஃபார்மினும் கிளிமிப்பிரைடும் சேர்ந்த மாத்திரை ஒன்று, டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை ஒன்று எடுக்கிறேன். சான் ஸ்டார்ம் என்ற பழைய இரண்டு சீட் ஓப்பன் கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியோடு ஏற்காடு போய்வருகிறேன். இப்போது பனிக்காலம் என்பதால் மேல்துணியை மூடி, பின்பக்க ஜிப்பை மட்டும் காற்றுக்காகத் திறந்துவிடுவோம். கொஞ்ச நாளாக மலை ஏறி முடிக்கும்போது தலைவலி, லேசான குமட்டல். மனைவிக்கும் அப்படித்தான். மேலே காபி குடித்து, ஏரிப் பக்கம் கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடுகிறது. ஆக்சிமீட்டரில் 98 காட்டியது, பிரஷர் 150/90. கூரையைத் திறந்துகொண்டு நெடுந்தூரம் போனால் அன்று இரவு காதில் ‘ஙொய்’ என்று சத்தம், கழுத்திலும் முன்கையிலும் எரிச்சல். மனைவிக்குக் கால் வீங்குகிறது. அவருக்கு வெரிகோஸ் உண்டு. பொங்கல் கழித்து இதே காரில் கன்னியாகுமரி போக ஆசை. “இந்த வயசுல இதெல்லாம் தேவையா, வித்துடுங்க” என்கிறான் மகன். போகலாமா டாக்டர்?

பதில்: போகலாம். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு வேண்டாம். முதலில் காரை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். உங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி “மனைவிக்கும் அப்படித்தான்” என்பது. பிரஷரால் வந்த தலைவலி என்றால் பிரஷர் இருக்கிறவருக்குத்தானே வர வேண்டும்? 150/90 என்ற அளவில் பொதுவாகத் தலைவலி வருவதும் இல்லை. தலைவலியோடு 20 கொண்டை ஊசி வளைவுகள் ஓட்டி இறங்கியவருக்கு பிரஷர் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். மலை உயரம் காரணமா என்றால் அதுவும் இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான்; உயரத்தால் வருகிற தொல்லைகள் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் ஆரம்பிக்கும். வளைவுகளில் தலைசுற்றிக் குமட்டுவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வரும், ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்கு அபூர்வம். ஒரே காரில் போன இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளிக்காற்றில் நடந்தால் இருவருக்கும் சரியாகிறது என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது கார் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவை.

சான் ஸ்டார்ம் இன்றைய இளைஞர்கள் பலர் கேள்விப்படாத வண்டி. 1990-களின் கடைசியில் கோவாவில் தயாராகி வந்தது, ஃபைபர் உடம்பு, ரெனோ இஞ்சின். உங்களுடையதற்கு இப்போது 20 வயதாவது இருக்கும். அந்த வயதில் எந்தக் காராக இருந்தாலும் இஞ்சினிலிருந்து சைலன்சர் வரை போகும் குழாயின் இணைப்புகள் துருப்பிடித்து, கேஸ்கெட் தேய்ந்து, புகை கசிய வாய்ப்பு உண்டு. அடிவாரம் தாண்டியதும் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் இஞ்சின் முக்கிக்கொண்டு ஏறுகிறது, புகையும் அதிகம். நீங்களோ கூரையை மூடிப் பின்பக்கத்தை மட்டும் திறந்து வைத்திருக்கிறீர்கள். ஓடுகிற காரின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைந்து, சைலன்சரிலிருந்து வந்த புகை அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும். அந்த ஜிப் வழியாக அது உள்ளே வரும். காற்றுக்காகத் திறந்த வழியே புகைக்கும் வழியாகிவிடுகிறது.

ஆக்சிமீட்டர் 98 காட்டியதை நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலுவோடு பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டுகிற அந்தக் கருவி சிவப்பு ஒளியை வைத்து அளக்கிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் நல்ல சிவப்பாகவே இருப்பதால் அதையும் ஆக்சிஜன் என்றே கணக்கில் சேர்த்துவிடும். கொரோனா சமயத்தில் வாங்கிய கருவி எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது உதவாது. உறுதி செய்ய வேண்டுமென்றால் தலை வலிக்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் போய், கார்பாக்சி ஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபின்) அளக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். சில மணி நேரம் நல்ல காற்றைச் சுவாசித்துவிட்டால் அளவு இறங்கிவிடும், மறுநாள் டெஸ்டில் ஒன்றும் தெரியாது.

அதற்காகவே மெக்கானிக்கை முதலில் சொன்னேன். காரை லிஃப்டில் ஏற்றி, இஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கசிவு இருக்கும் இணைப்பில் ‘புஸ் புஸ்’ என்று சத்தம் வரும், சுற்றிலும் கரி படிந்திருக்கும். தரையிலும் பின்பக்க டிக்கியிலும் உள்ள ஓட்டைகள், கிழிந்த ரப்பர்கள் எல்லாவற்றையும் அடைக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் பழைய ரப்பர் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது, ஒன்று வாங்கிக் காரிலேயே வையுங்கள். கூரையை மூடினால் பின்பக்க ஜிப்பையும் மூடி, முன்னாலிருந்து காற்று வரும்படி பக்கக் கண்ணாடிகளைக் கொஞ்சம் இறக்குங்கள். இத்தனையும் செய்த பிறகும் தலைவலி வந்தால் அப்போது என் கண் உங்கள் பக்கம் திரும்பும். நடுவில் எப்போதாவது மயக்கம், குழப்பம், நெஞ்சுவலி வந்தால் வண்டியை ஓரங்கட்டி இருவரும் வெளியே இறங்கி 108-ஐ அழையுங்கள். சமாளித்துக்கொண்டு மலை ஏறிவிடலாம் என்று பார்க்காதீர்கள்.

சரி, கூரையைத் திறந்துவிட்டால் புகைப் பயம் குறையும்; அங்கே தொல்லை வேறு. உடம்பு கொடுக்கும் எச்சரிக்கைகளைக் காற்று மறைத்துவிடும். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

கிளிமிப்பிரைடு சர்க்கரையைத் தாழ்வாக இறக்கக்கூடிய மருந்து. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், குபீரென்று வியர்க்கும். வீட்டில் உட்கார்ந்திருந்தால் சட்டை நனைந்ததும் உங்களுக்கே புரியும். கூரை திறந்த காரில், 90 கி.மீ வேகத்தில் முகத்தில் காற்று அறைந்துகொண்டிருக்கும்போது வியர்வை வந்த சுவடே தெரியாது. நடுக்கம் ஸ்டியரிங் அதிர்வில் கலந்துவிடும். அதனால் உணர்வை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். கிளம்பும் முன் ஒரு முறை, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை விரலில் குத்திப் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டு, ஏறிய பிறகே வண்டியை எடுங்கள். 70-க்குக் கீழே இறங்கிவிட்டால் குளுக்கோஸ் பவுடரோ மூன்று நான்கு ஸ்பூன் சர்க்கரையோ உடனே தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அளவு சரியானதும் கிளம்பிவிடக் கூடாது. மூளை தெளிய இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும், அதுவரை சாவி பாக்கெட்டில் இருக்கட்டும். மீட்டரையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் டேஷ்போர்டில் வெயிலில் காய விடாதீர்கள். தப்பான அளவு காட்டும்.

தண்ணீர் விஷயமும் இதே கதைதான். கயிற்றில் போட்ட துணி காற்றில் சட்டென்று உலர்வதுபோல வியர்வை உலர்ந்துவிடுவதால், தாகம் எடுக்கும் முன்பே உடம்பில் நீர் குறைந்திருக்கும். உங்கள் பிரஷர் மாத்திரையில் இருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு, சிறுநீரை அதிகமாகப் பிரிக்கும் மருந்து வேறு. இதோடு நம் ஊரில் பெண்கள் வழியில் பாத்ரூம் சரியாக இருக்காது என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். உங்கள் வீட்டம்மாவைக் கேட்டுப் பாருங்கள், ஆமாம் என்பார். கால் வீக்கத்துக்குப் பயந்தும் பலர் தண்ணீரைக் குறைக்கிறார்கள். அதனால் வீக்கம் குறையாது. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகும் அளவுக்கு இருவரும் குடியுங்கள். நீர்மோர் நல்லது, உங்களுடையதில் மட்டும் உப்பு கம்மி.

அந்தக் கழுத்து எரிச்சலுக்கும் இதே மாத்திரை ஒரு காரணமாக இருக்கலாம். ஹைட்ரோகுளோரோதயசைடு சிலருக்குத் தோலை வெயிலுக்குக் கூச்சப்படவைக்கும். மலையில் காற்று ஜில்லென்று இருப்பதால் வெயில் உறைக்காது. ஆனால் 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். முழுக்கைச் சட்டை, காலர், கழுத்தை மறைக்கும் தொப்பி, எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போதும். நமக்குக் கறுத்த தோல், அதெல்லாம் எதற்கு என்று நினைக்க வேண்டாம்; மருந்தால் வரும் எரிச்சல் நிறம் பார்க்காது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எரிச்சலை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. அப்படியே சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் மூன்றும் பார்த்துவிடுங்கள்.

காதில் வரும் ‘ஙொய்’ சத்தத்தைக் கொலுசுப் பட்டறையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வாரம் முழுக்க மெஷின் சத்தம், ஞாயிற்றுக்கிழமை காற்றுச் சத்தம். காதுக்கு லீவே இல்லை. வெளிநாடுகளில் ஓப்பன் கார்களில் அளந்து பார்த்தபோது மணிக்கு 80 முதல் 110 கி.மீ வேகத்தில் 85 டெசிபெலுக்கு மேல் போயிருக்கிறது. 85 டெசிபெலை ஒரு நாளில் எட்டு மணி நேரம்வரை காது தாங்கும் என்பது தொழிற்சாலைகளுக்கு வைத்திருக்கும் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு மணி. பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டாலே சத்தம் கணிசமாகக் குறையும், கண்ணில் தூசியும் விழாது. சத்தத்தைக் கொஞ்சம் மட்டும் குறைக்கும் வகை இயர்பிளக் கிடைக்கிறது, அதைப் போட்டாலும் ஹாரன் கேட்கும். காதை முழுக்க அடைக்கும் வகை வேண்டாம். காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பட்டறைக்காகவாவது.

இப்போது உங்கள் வீட்டம்மாவின் கால். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது. விமானம் மட்டுமில்லை, பஸ், ரயில், கார் எல்லாம் இதில் சேரும். பயப்படும் அளவு இல்லை. ஆரோக்கியமானவர்களில் 6,000 பேரில் ஒருவருக்கு என்பதுதான் கணக்கு. வெரிகோஸ் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கூடும். உங்கள் காரில் தரையோடு தரையாக உட்கார்ந்து காலை நேரே நீட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீங்களாவது கிளட்சை மிதிக்கிறீர்கள், அவர் காலுக்கு அந்த வேலையும் இல்லை. உட்கார்ந்தபடியே குதிகாலை ஊன்றி, பாதத்தை மேலும் கீழும் அடிக்கடி அசைக்கச் சொல்லுங்கள். முழங்கால்வரை வரும் ஸ்டாக்கிங்ஸ் அவருக்கு உதவும், அளவெடுத்து வாங்குங்கள். அதைப் பார்த்து நீங்களும் ஒன்று மாட்டிக்கொள்ளாதீர்கள். பத்து வருடச் சர்க்கரைக்கு, காலில் ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் இறுக்கமானது எதையும் போடலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று: செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சைலன்சர் குழாய் போகும் பக்கம் பழைய கார்களின் தரை நன்றாகச் சுடும். உணர்ச்சி குறைந்த பாதம் அதைச் சொல்லாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம் இருக்கும். சர்க்கரைக்காரரின் கால் புண் எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கே தெரியும். மெல்லிய அடியுள்ள மூடிய ஷூ போடுங்கள். இரவில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

கன்னியாகுமரி சேலத்திலிருந்து ஏறத்தாழ 480 கி.மீ. இப்போதைய கார் என்றால் ஒரே நாளில் போய்விடலாம். உங்களுடையதில் வேண்டாம். விடியற்காலை கிளம்பி, நாமக்கல், கரூர், திண்டுக்கல் என்று நின்று நின்று போய், மதுரையில் தங்குங்கள். மதியம் இரண்டிலிருந்து நான்குவரை, சாப்பாட்டுக்குப் பின் கண் சொருகும் நேரம். அந்த நேரத்தில் ஓட்டாமல் இருக்கத் திட்டம் போடுங்கள். இறங்கும்போது இரண்டு காலையும் சேர்த்து வெளியே திருப்பி வைத்துவிட்டு எழுந்திருங்கள். ஒரு காலை உள்ளே விட்டு இடுப்பைத் திருகினால் மறுநாள் நிமிர முடியாது. நின்றதும் பெட்டியைத் தூக்காமல் இரண்டு நிமிடம் நடங்கள். நெல்லை தாண்டி முப்பந்தல் காற்றாலைகள் பக்கம் பக்கவாட்டில் அடிக்கும் காற்று எடை குறைந்த காரைத் தள்ளிப் பார்க்கும், அங்கே நிதானம். சீட் பெல்ட்டின் பட்டையும் பழசாகியிருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள்.

மகனிடம் சொல்லுங்கள்: காரை விற்கச் சொல்வதற்கு உங்கள் கடிதத்தில் மருத்துவக் காரணம் எதுவும் இல்லை, சைலன்சரை மாற்றச் சொல்வதற்குத்தான் இருக்கிறது. செலவில் பாதியை அவரே கொடுத்தால் இன்னும் நல்லது.

திரும்பி வந்து ஒரு மாதம்வரை ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு காலும் சேர்ந்து வீங்கி, தலையணையில் தூக்கிவைத்துப் படுத்தால் காலையில் வடிந்துவிடுகிறது என்றால் கவலை இல்லை. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சுடுகிறது என்றால் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்க, அன்றே டாப்ளர் ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தைலம் போட்டு நீவிவிடக் கூடாது. அதோடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால் 108.