ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்தில் உங்களுக்குப் பிடித்த தடுப்பாட்டக்காரர் யார், ஏன்?

யோசிக்காமல் சொல்வேன், ஜீலாங் அணியின் மேத்யூ ஸ்கார்லெட்.

1998-இல் தொடங்கி 2012-இல் ஓய்வு பெறும்வரை ஒரே அணிக்கு 284 ஆட்டங்கள். சீசனின் சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுத்து அறிவிக்கும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் ஆறு முறை இடம், 2007, 2009, 2011 என்று மூன்று கோப்பைகள். அவருடைய அப்பா ஜானும் ஜீலாங்குக்கு ஆடியவர்தான்.

அவர் ஆடிய ஃபுல் பேக் என்பது எதிரணியின் முக்கியமான கோல் அடிப்பவரை விடாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிற இடம். பந்து வந்தால் முஷ்டியால் குத்தித் தள்ளிவிட்டால் போதும், வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஸ்கார்லெட் அதோடு நிற்கமாட்டார். பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே கணித்து, தன் ஆளை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்து, அங்கிருந்தே தாக்குதலைத் தொடங்கிவிடுவார். கணிப்பு தப்பினால் அந்த ஆள் தனியாக நிற்பார், கோல் போய்விடும். அதற்குத் துணிச்சல் மட்டும் போதாது, ஆட்டத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்.

2009 இறுதிப் போட்டியைப் பாருங்கள். மெல்போர்னின் எம்சிஜி மைதானம், மழை, வழுக்குகிற பந்து. எதிரே செயின்ட் கில்டா, அந்த சீசனின் முதல் 19 ஆட்டங்களையும் வென்ற அணி. கடைசி குவார்ட்டரில் சில நிமிடங்களே பாக்கி, ஸ்கோர் சமம். நடு மைதானத்தில் பந்து தரையில் கிடக்க, ஃபுல் பேக்கான ஸ்கார்லெட் அங்கே ஓடி வருகிறார். குனிந்து எடுத்திருந்தால் மடக்கிப் பிடித்திருப்பார்கள், பந்தோடு மாட்டினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக்கே கிடைக்கலாம். அவர் குனியவே இல்லை. ஓடி வந்த வேகத்தில் பூட்ஸ் நுனியால் ஒரே ஒரு தட்டு, பந்து கேரி ஆப்லெட்டிடம் போனது. ஆப்லெட் நீளமாக முன்னால் உதைத்தார், அப்புறம் டிராவிஸ் வார்கோ, அவரிடமிருந்து பால் சாப்மன், கோல்! ஆட்டம் முடிந்தபோது ஜீலாங் 80, செயின்ட் கில்டா 68.

ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் சாப்மனுக்குப் போனது, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்தக் கோலை ஆரம்பித்து வைத்தது ஒரு தடுப்பாட்டக்காரர், அதுவும் கையில் பந்தைத் தொடாமலே. அந்தக் காட்சி யூடியூபில் கிடைக்கும். பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு, ஸ்கார்லெட் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.