மழைக்கு வீடேறும் எறும்புகள்: வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை வலுத்ததிலிருந்து எறும்புத் தொல்லை பற்றிப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. புற்றுக்குள் நீர் ஏறும்போது, முட்டையையும் புழுவையும் கவ்விக்கொண்டு அவை உலர்ந்த சுவரையும் கூரைக் கழுக்கோல் இடுக்கையும் தேடி வருவது இயல்பே. வந்திருப்பது எந்த எறும்பு என்று அறியாமல் மருந்து சொல்ல இயலாது என்பதால், விடைகள் பெரும்பாலும் அதை இனங்காண்பதிலிருந்தே தொடங்குகின்றன.

கேள்வி: கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் மஞ்சள் நிறப் பொடி எறும்புகள் அடுக்களையில் கருப்பட்டிப் பானையை மொய்த்தன. பூச்சிக்கொல்லி தெளித்தோம். இப்போது குளியலறையிலும் படுக்கையறையிலும் சாரை சாரையாகத் தெரிகின்றன. என்ன தவறு செய்தோம்? (வாசகி, தக்கலை)

தெளித்ததுதான் தவறு. நான்கைந்து எறும்புகளை ஒரு வெள்ளைத் தாளில் தட்டி, உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். உடல் முழுவதும் வெளிர்மஞ்சளாகவும் வயிற்றின் நுனி மட்டும் கருத்தும் இருந்தால் அது பாரோ எறும்பு. நீளம் 2 மில்லிமீட்டர் அளவே இருக்கும். தலையும் மார்பும் கருத்து, வயிறும் கால்களும் நிறமற்றவைபோல் வெளிறியிருந்தால் அது பேய் எறும்பு. வெள்ளைத் தரையில் அது ஓடும்போது தலை மட்டும் ஒரு புள்ளியாக நகர்வதுபோல் தோன்றும். விரலால் நசுக்கினால் காறிப்போன தேங்காயின் வாடை அடிக்கும்.

இவ்விரண்டுக்கும் ஒரே கூட்டில் பல ராணிகள் உண்டு. தெளிப்பு மருந்தின் நெடி பட்டதும், பாரோ எறும்பின் கூட்டம் ஆளுக்கொரு ராணியையும் சில புழுக்களையும் எடுத்துக்கொண்டு துண்டுதுண்டாகப் பிரிந்து, மின்குழாய் வழியாகவும் கதவு நிலையின் விரிசல் வழியாகவும் புதிய இடங்களில் குடியேறிவிடுகிறது. நீங்கள் சாரையில் கொன்றவை இரைதேடும் வேலைக்காரிகளில் ஒரு பகுதி மட்டுமே. முட்டையிடும் ராணிகள் சுவருக்குள் பத்திரமாக இருக்கின்றன.

ஆகவே, வேலைக்காரிகளைக் கொல்லாமல் அவர்கள் வாய்வழியாகவே ராணிக்கு நஞ்சை ஊட்டுவதுதான் முறை. முதலில் ஒரு தாளில் ஒரு சொட்டுக் கருப்பட்டிப் பாகையும், இன்னொன்றில் ஒரு துண்டு நெத்திலிக் கருவாட்டையும் வைத்து, அரை மணி நேரம் கழித்து எதில் கூட்டம் அதிகம் என்று கவனியுங்கள். இனிப்பை நாடினால், 200 மில்லிலிட்டர் வெந்நீரில் 20 கிராம் சர்க்கரையையும் 2 கிராம் போரிக் அமிலத்தையும் கரைத்து, பஞ்சில் நனைத்து, துளையிட்ட சிறு டப்பாவுக்குள் வைத்துச் சாரையின் அருகே வையுங்கள். கருவாட்டை நாடினால், கருவாட்டுத்தூள் நூறு பங்குக்குப் போரிக் அமிலம் ஒரு பங்கு என்ற அளவில் சிறிது தேங்காயெண்ணெய் விட்டுப் பிசைந்து வைக்கலாம். நஞ்சைக் கூட்டினால் விரைவில் தீரும் என்று எண்ணி அளவை ஏற்றுகிறவர்களே அதிகம். அப்படிச் செய்தால் எறும்பு கூட்டுக்குப் போய்ச் சேருமுன்னே செத்துவிடும். முதல் இரண்டு நாள்கள் டப்பாவைச் சுற்றிக் கூட்டம் பெருகுவதைக் கண்டு கலங்க வேண்டாம். பஞ்சு காயாமல் மாற்றிக்கொண்டே சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். அதுவரை அந்த இடத்தில் தெளிப்பு மருந்தோ எறும்புச் சாக்பீஸோ கூடவே கூடாது. டப்பா குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாமல் இருக்கட்டும்.

கேள்வி: போரிக் அமிலத்துக்குப் பதில் கேரம் பவுடர் போதுமா? பழைய பி.எச்.சி. பூச்சிக்கொல்லித் தூளும் ஒரு டப்பா இருக்கிறது. (வாசகர், குலசேகரம்)

கேரம் பலகைக்குத் தூவும் பவுடர் சிலவற்றில் போரிக் அமிலம் இருக்கும், சிலவற்றில் வெறும் மாவுதான். மருந்துக்கடையில் கேட்டு வாங்குவதே மேல். பி.எச்.சி. 1997-இலேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதை வீட்டுக்குள் தூவவும் வேண்டாம், கிணற்றோரம் கொட்டவும் வேண்டாம். மூடியைத் திறக்காமல் வைத்து, வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு ஒப்படையுங்கள்.

கேள்வி: முற்றத்தில் விளையாடிய மகனின் காலைச் செவ்வெறும்பு கடித்துக் கொப்புளமாகிவிட்டது. அம்மா சுண்ணாம்பு தடவினார்கள். சரிதானா? (வாசகி, கருங்கல்)

எறும்புக் கடி என்றால் அமிலம், அமிலத்துக்குச் சுண்ணாம்பு என்பது பழைய கணக்கு. மரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறுக்கும் கட்டெறும்புக்கும் அது ஓரளவு பொருந்தும்; கடித்த இடத்தில் அவை பார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகின்றன. ஆனால் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து நம் முற்றங்களில் நிலைத்துவிட்ட நெருப்பெறும்பு, தாடையால் பிடித்துக்கொண்டு வாலிலுள்ள கொடுக்கால் கொட்டுகிறது. அதன் நஞ்சில் மிகுதியாக இருப்பவை அமிலமல்ல, ஆல்கலாய்டுகள் என்னும் காரத்தன்மையுள்ள பொருள்கள். அவற்றைச் சுண்ணாம்பு முறிக்காது, மாறாகத் தோலைப் புண்ணாக்கிவிடக்கூடும். சோப்பு நீரால் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். முகம் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புற்றுக்குக் கொதிநீர் ஊற்றுவதானால், காலை வெயிலில் புழுக்கள் மேல்மட்டத்துக்குக் கொண்டுவரப்படும் வேளை பார்த்து ஊற்றுங்கள்; ஒரே தடவையில் முடிவது அரிது.

கேள்வி: நீண்ட கால்களுடன் திசை தெரியாமல் ஓடும் கறுப்பு எறும்புகளைப் பிள்ளையார் எறும்பு என்று விட்டுவைத்திருக்கிறோம். (வாசகர், நாகர்கோவில்)

விட்டுவைத்ததில் குற்றமில்லை, இவை கொட்டுவதில்லை. ஆனால் சுவிட்ச் பெட்டிக்குள் புகுந்தால் மெயினை அணைத்துவிட்டு மின்பணியாளரை அழைத்துத் துப்புரவு செய்யுங்கள். தரையில் செல்லும் சாரையைச் சோப்பு நீரால் துடைத்தால் அவற்றின் வாசனைத் தடம் அழிந்து வழி தவறிவிடும். மஞ்சள்தூள் கோடு சிறிது நேரம் தடுக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: மழை நின்ற மாலையில் விளக்கைச் சுற்றிச் சிறகுள்ள பூச்சிகள் வந்தன. எறும்பா, கறையானா? (வாசகர், அருமனை)

உதிர்ந்த சிறகுகளை எடுத்துப் பாருங்கள். நான்கும் ஒரே நீளமாக இருந்தால் அது ஈசல், அதாவது கறையான்; முன்சிறகு நீண்டு பின்சிறகு குட்டையாக இருந்தால் எறும்பு. எறும்புக்கு இடை ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்திருக்கும். ஈசலின் உணர்கொம்போ மணி கோத்த சரடுபோல் நேராக இருக்கும். எறும்பானால் கவலையில்லை. ஈசல் வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பியிருந்தால், கதவு நிலைகளைத் தட்டிப் பார்த்து, பொள்ளென்று ஒலிக்கும் இடத்தையும் சுவரில் ஏறும் மண்குழாயையும் தேடுங்கள். அதற்குரிய மருத்துவம் முற்றிலும் வேறு.

கேள்வி: வீட்டுத் தோட்டத்துத் தேன்பெட்டியில் எறும்பு ஏறுகிறது. மருந்து தெளிக்கலாமா? (வாசகி, மார்த்தாண்டம்)

எந்த மருந்தும் கூடாது. எறும்புக்கு முன் தேனீ சாகும். தாங்கியின் காலில் நீர்க்கிண்ணம் பொருத்துவது உங்கள் ஊர்த் தேனீ வளர்ப்பாளர்கள் அறிந்த வழியே. நீரில் தூசியும் சருகும் படிந்தால் எறும்பு அதன்மேல் நடந்தே கடந்துவிடும் என்பதால், வாரம் ஒருமுறை மாற்றி, இரண்டு சொட்டு வேப்பெண்ணெய் விடுங்கள். பெட்டியைத் தொடும் மாங்கிளையை வெட்டிவிடுங்கள்; முசுறு அவ்வழியாக இறங்கித் தேனீயையே தூக்கிக்கொண்டு போகும். மரத்திலுள்ள முசுறுக் கூட்டை மட்டும் கலைக்க வேண்டாம். பக்கத்தில் முந்திரி நிற்குமானால், அதன் தளிரை உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற பூச்சியை வேட்டையாடுவதும் அந்த முசுறுதான்.